எம்ஜிபி: உயிர் இருப்பது கதவுக்குக் கீழே

கேள்வி இதுதான்: எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி 18 வருடம் தொடர்ந்து உற்பத்தியில் இருந்தது? இன்று ஒன்றைப் பார்க்கப் போகிறவர் எந்த வருடத்து வண்டியை நாட வேண்டும், எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் முடிகிறது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

சுருக்கமாக முதலில். எம்ஜிபியின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அந்தக் காலத்து சாதாரணக் குடும்பக் கார்களின் சாமான்களிலிருந்து வந்தவை. எளிதில் கெடாது, கெட்டாலும் மலிவில் சரியாகும். அந்த வண்டியில் புதுமையாக இருந்தது அதன் உடல்தான். வண்டி சாவதும் அந்த உடலில் துரு ஏறித்தான்.

1945-ல் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. எஃகு ரேஷனில் இருந்தது, ஏற்றுமதி செய்பவர்களுக்கே அதில் முன்னுரிமை. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டனில் இருந்த சிறிய எம்ஜி தொழிற்சாலை, போருக்கு முந்தைய தன் காரைக் கொஞ்சம் மாற்றி டிசி என்ற பெயரில் வெளியிட்டது. வலப்பக்க ஸ்டியரிங் மட்டுமே இருந்த அந்தக் காரையும் அமெரிக்கர்கள் விரும்பி வாங்கினார்கள். 1949 வரை சுமார் 10,000 டிசி வந்தன. அடுத்து வந்த டிடியில் இடப்பக்க ஸ்டியரிங் கிடைத்தது, விற்பனை ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதன் பிறகு டிஎஃப். 1955-ல் வளைந்த உடலோடு எம்ஜிஏ. ஏழு வருடத்தில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் எம்ஜிஏ விற்றது.

எம்ஜிஏவின் உடல் அழகு, ஆனால் அதன் கீழே பழைய முறையில் ஒரு கனத்த இரும்புச் சேஸிஸ் ஓடியது. சேஸிஸ்தான் பாரம் சுமக்கும். மேலே இருக்கும் தகடு வெறும் போர்வை. சேஸிஸ் எடுத்துக்கொள்ளும் அகலம் போக மிச்சம் இருக்கும் இடத்தில்தான் ஆள் உட்கார முடியும். இதை மாற்ற வேண்டும் என்று அபிங்டனின் தலைமைப் பொறியாளர் சிட் எனெவர் முடிவெடுத்தார். உடலின் கோடுகளை வரைந்தவர் டான் ஹேட்டர். சேஸிஸே இல்லாமல், தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக்கி வெல்டிங் செய்து, உடலே பாரம் தாங்கும்படி செய்தார்கள். மோனோகாக் என்பது இதைத்தான். சக்கரங்களின் இடைவெளி 94 அங்குலத்திலிருந்து 91 அங்குலமாகக் குறைந்தது, வண்டியின் நீளமும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் உள்ளே கால் நீட்ட இடம் கூடியது, டிக்கியும் பெரிதானது, கதவுக்கு உருட்டி ஏற்றும் கண்ணாடி வந்தது. 1962 செப்டம்பரில் வண்டியை அறிவித்தார்கள். வரிக்கு முந்தைய விலை 690 பவுண்டு.

தாய் நிறுவனமான பிஎம்சியிடம் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) அப்போது புதிய வி4 இன்ஜின், அதாவது நாலு சிலிண்டரும் V வடிவில் சாய்ந்து நிற்கும் இன்ஜின், திட்டம் ஒன்று இருந்தது. அது வந்தால் வைக்க வேண்டுமே என்று போனட்டுக்குள் இடத்தை அகலமாக விட்டார்கள். வி4 வரவே இல்லை. ஆனால் அந்த அகலம்தான் பத்து வருடம் கழித்து வி8 இன்ஜினை உள்ளே ஏற்றிக்கொண்டது. கார் வடிவமைப்பில் வீணாகப் போனது என்று நாம் நினைக்கும் வேலை பின்னால் கை கொடுப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூரை உள்ள மோனோகாக் காரில் கூரையும் பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும். திறந்த காரில் கூரை கிடையாது. முன் பாதியையும் பின் பாதியையும் பிடித்து நிற்பவை தரையும், அதன் நடுவில் மேடாக எழும்பி ஓடும் டனலும், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டிகளும்தான். அதிலும் சில்தான் முதுகெலும்பு. வெளியே நின்று பார்த்தால் ஒரே தகடு போலத் தெரியும். உண்மையில் நான்கு பாகம்: வெளிச் சில், உட்சில், இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தடுப்புத் தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல ஏறி இறங்கி மடிந்த ஒரு பட்டை. அந்த அடிப்பட்டைக்கு 'காசில்' என்றே பெயர். சக்கரம் அள்ளி வீசும் சேறு முன் மட்கார்டுக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் விளிம்பைத் தாண்டி சில்லுக்குள் போய்விடும். வடிகால் ஓட்டையை மண் அடைக்கும். உள்ளிருந்து துரு அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது நடுத் தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன் கதவைப் பாருங்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, சில்லின் நடுவில் இருக்கும் ஜாக்கி முனையில் ஜாக்கி கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கிய நிலையில் அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். முன்போலவே மூடினால் சில் நன்றாக இருக்கிறது. கதவு பிடித்தாலோ, பூட்டு சேராமல் போனாலோ, இடைவெளி கண்ணுக்குத் தெரிந்து மாறினாலோ சில் தன் வேலையைச் செய்யவில்லை. வண்டி தூக்குவதற்கு முன் ஜாக்கி முனையே உள்ளே அமுங்கினால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லின் கீழ் ஓரம், முன் மட்கார்டின் பின்புறக் கீழ்ப்பகுதி, பின் சக்கரத்துக்கு முன்னால் நாய்க்கால் போல வளைந்து இறங்கும் தகடு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் மட்கார்டின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். பிடி தளர்ந்தால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள். போனட்டில் காந்தம் ஒட்டவில்லை என்று பயப்பட வேண்டாம். 1960-களின் வண்டிகளில் போனட் அலுமினியம். கதவின் வெளித்தகட்டில், முக்கோணக் கண்ணாடி கதவைத் தொடும் இடத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல் விழுந்திருக்கும். மிகப் பல எம்ஜிபிகளில் இது உண்டு. பார்வைக்கு அசிங்கமே தவிர ஆபத்தில்லை. விலை பேச உதவும்.

பிறகு இருக்கைகளுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்குங்கள். 1974 வரை வந்த வண்டிகளில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டியில் தொங்கும். அமிலம் சிந்திச் சிந்திப் பெட்டியின் அடி கரைந்திருக்கும். பேட்டரி ரோட்டில் விழவில்லை என்றால் உள்ளே யாரோ மரப்பலகை வைத்திருப்பார்கள். பின் ஸ்பிரிங் பட்டைகளின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தையும் அப்படியே கீழே படுத்துப் பார்த்துவிடுங்கள்.

சில்லுக்கு வைத்தியம் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சில்லின் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டிங் செய்து பெயிண்ட் அடித்து விற்பது மிகச் சாதாரணம். இது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவது. சரியான வேலை என்றால் வெளிச் சில்லின் இரண்டு முனைகளும் மட்கார்டுகளுக்குள்ளே போய் முடிவதால், முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும். வண்டியைச் சமதரையில், சஸ்பென்ஷன் பாரம் தாங்கும் இடங்களில் தாங்கல் கொடுத்து நிறுத்த வேண்டும். நடுவில் ஜாக்கி கூடாது. கதவு ஓட்டையின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டிங் செய்து பூட்ட வேண்டும். அதன் பிறகே வெட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு பாகம் ஒட்டியதும், முழு வெல்டிங் போடுவதற்கு முன், கதவை மாட்டி இடைவெளியைப் பார்க்க வேண்டும். குறுக்குக் குழாய் போடாமல் இரண்டு பக்கத்தையும் வெட்டிய வண்டி ஒரு அங்குலம் தொய்ந்து போய், அந்தக் கோணலிலேயே புதுச் சில்லை ஒட்டிவிட்டால், பிறகு எந்த டிங்கரிங் ஆளாலும் கதவைச் சேர்க்க முடியாது. வேலை முடிந்ததும் வடிகாலை அடைக்காமல் உள்ளே மெழுகு அடித்து விடுங்கள்.

இன்ஜின் நமக்குப் பழக்கமான குடும்பம்தான். பிஎம்சியின் 'பி சீரிஸ்' இன்ஜின் என்று பெயர். நம் அம்பாசடர் கார்களில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இதே பி சீரிஸ். முதல் எம்ஜிஏவில் இருந்ததும் அதே 1489. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். அதை மாற்றாமல் சிலிண்டரின் விட்டத்தை மட்டும் பெருக்கிக்கொண்டே போனார்கள்: 73 மில்லிமீட்டரில் 1489 சிசி, பிறகு 1588, பிறகு 1622, கடைசியில் 80.26 மில்லிமீட்டரில் 1798. எம்ஜிபிக்கு முதலில் 1622-ஐத்தான் நினைத்திருந்தார்கள். புது உடலின் எடைக்கு அது போதவில்லை என்பதால் 1798 வந்தது. இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு 95 குதிரைத்திறன், மணிக்கு 100 மைலுக்குச் சற்று மேல் வேகம்.

முதல் இரண்டு வருட இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று மெயின் பேரிங் மட்டுமே. 1964 அக்டோபரிலிருந்து ஐந்து. ஆஸ்டின் 1800 காருக்காகச் செய்த மாற்றம் எம்ஜிபிக்கும் கிடைத்தது. மூன்று பேரிங் இன்ஜின் கொஞ்சம் துறுதுறுப்பாகச் சுழலும், அதனால் அதை விரும்புகிறவர்கள் உண்டு. தினம் ஓட்ட வேண்டும், நெடுந்தூரம் போக வேண்டும் என்றால் ஐந்து பேரிங்கையே சொல்வேன்.

ஆரோக்கியமான இன்ஜின் சூடானபின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு ஆயில் பிரஷர் காட்டும். ஐட்லிங்கில் 10 முதல் 25. ஆயில் 20டபிள்யூ50. வால்வுகளைத் திறக்கும் இதன் கேம் ஷாஃப்ட்டும் டேப்பட்டும் தட்டையாக உரசும் வகை என்பதால் துத்தநாகச் சேர்மானம் குறைந்த நவீன ஆயில்கள் ஒத்துக்கொள்ளாது. பழைய இன்ஜின்களுக்கென்று விற்கும் ஆயிலையே வாங்குங்கள். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் கடினப்படுத்தப்படாதது. ஈயம் கலந்த பெட்ரோலில் ஈயமே அந்த இடத்துக்குக் காப்பு. ஈயமில்லாப் பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும், டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். அடிக்கடி டேப்பட் இறுகினால் காரணம் இதுதான். ஹெட்டைக் கழற்றும் நாளில் கடின சீட் வளையம் போட்டுவிடுங்கள். அதற்காகவே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றியாக வேண்டும்.

டியூனிங்கில் பலர் செய்யும் தவறு, நேரே கார்புரேட்டரில் கை வைப்பது. வரிசை இது: டேப்பட், பிளக், பாயிண்ட், டைமிங், கடைசியில்தான் கார்புரேட்டர். டேப்பட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். முன்னிருந்து பின்னாக வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். கூட்டுத்தொகை 9 வர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-வதைச் சரிசெய்யலாம், 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5, 7 திறந்திருந்தால் 2, இப்படியே மற்றவை. பிளக் இடைவெளி 0.025 அங்குலம். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம்.

எஸ்யூ கார்புரேட்டர் எளிமையான கருவி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கேற்ப எழும்பும், அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே எழும்பி ஜெட்டில் பெட்ரோலுக்கு வழி விடும். முதலில் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே எஸ்ஏஇ 20 ஆயில், குழல் தண்டின் வாய்க்கு அரை அங்குலம் மேலே நிற்கும்வரை ஊற்றுங்கள். ஆயில் இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் துள்ளி எழுந்து, பெட்ரோல் குறைந்து கலவை லீனாகி இன்ஜின் இழுக்காமல் திக்கும். ஏர் கிளீனரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு உட்கார வேண்டும். மெத்தென்று இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்த வேண்டும். பிறகு இரண்டு கார்புரேட்டரின் ஜெட்டையும் உள்ளே உள்ள பாலத்தோடு சமமாகக் கொண்டுவந்து, கீழே உள்ள அறுகோண நட்டை இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். இது தொடக்க நிலை.

இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். இரண்டையும் இணைக்கும் கம்பியின் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே சீறல் கேட்கும்வரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். அதன் பிறகு பக்கவாட்டில் உள்ள சிறிய ஊசியால் ஒரு பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்; நட்டை மேலே ஏற்றுங்கள். வேகம் விழுந்து நிற்கப் பார்த்தால் லீன், கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. நட்டின் ஆறு முகங்களில் ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் திருப்ப வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதும் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டு மூன்று முறை போய் வர வேண்டியிருக்கும்.

முன் சஸ்பென்ஷன் 1947-ன் எம்ஜி ஒய் வகை சலூன் காருக்குச் செய்தது. அதையே டிடி, டிஎஃப், எம்ஜிஏ வழியாக எம்ஜிபி வரை கொண்டுவந்தார்கள். பால் ஜாயின்ட் கிடையாது; ஸ்டியரிங்குக்கேற்ப முன் சக்கரம் திரும்புவது கிங்பின் என்ற செங்குத்து முளையில். ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும்; முக்கியமாக, சக்கரம் தரையில் இல்லாமல் ஜாக்கியில் தூக்கி வைத்து அடிக்க வேண்டும். பாரம் கிங்பின்னை அழுத்திக்கொண்டிருக்கும்போது தேய்மானம் நடக்கும் பக்கத்துக்கு கிரீஸ் போகாது. ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, திருப்பினால் தானாகத் திரும்பி வரமாட்டேன் என்கிறது என்றால் முதல் சந்தேகம் காய்ந்த கிங்பின். ஷாக் அப்சார்பரும் பழைய நெம்புகோல் வகை. முன்பக்கம் அதன் கைகளே சக்கரத்தைப் பிடிக்கும் V வடிவ மேல் விஷ்போனாகவும் வேலை செய்கின்றன. ஆயில் ஒழுகினால் நிரப்பிக் காலம் தள்ளாமல் ஓவர்ஹால் செய்ததை மாற்றிவிடுங்கள்.

கம்பிச் சக்கரம் வண்டிக்கு அழகு. அதற்குச் செலவும் உண்டு. சக்கரம் ஹப்பின் பற்களில் உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரே பெரிய நட்டு. பற்கள் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டட்டும். 'டிக்' என்று சத்தம் வந்தால் ஹப்பும் சக்கரமும் சேர்ந்தே மாற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். இடப்பக்க நட்டின் மரை வழக்கமானது, வலப்பக்கம் எதிர்மரை. எந்தப் பக்கமானாலும் நட்டின் மேல்முனை வண்டியின் பின்பக்கம் நோக்கிப் போனால் இறுகும். ஓட்டத்தில் தானாக இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆக்ஸிலை ஓவர்ஹால் செய்தபோது ஹப்புகளை இடம் மாற்றி மாட்டிய வண்டியில் ஓட ஓட நட்டு கழன்று சக்கரமே போய்விடும். வாங்கும்போது இதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் மாற்ற இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும். அதன் ரிலீஸ் பேரிங் உருளைக் குண்டு போட்டது கிடையாது, ஒரு கரி வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் இருந்தால் கரி தேய்ந்து தீர்ந்துவிடும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.

கியர்பாக்ஸோடு சேர்ந்து, அதே வேகத்துக்கு இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியரான ஓவர்டிரைவ் 1963-லிருந்து விருப்பச் சாதனமாகக் கிடைத்தது, 1975-ல் எல்லா பிரிட்டிஷ் வண்டிக்கும் வழக்கமானது. இருக்கும் வண்டியையே வாங்குங்கள். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும். வேலை செய்யவில்லை என்றால் அதைக் கழற்றுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள். கியர்பாக்ஸின் மேல் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அதுவோ அதற்குப் போகும் ஒயரோ பழுதாகியிருப்பதுதான் அதிகம். அடுத்து ஆயில் அளவு. கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைப் பகிர்கின்றன, அதுவும் இன்ஜின் ஆயில்தான். வழுக்கலைக் கூட்டும் சேர்மானங்களை அதில் ஊற்றினால் ஓவர்டிரைவின் கூம்புக் கிளட்ச் பிடிக்காது.

எந்த வருடம் என்ற கேள்விக்கு வருகிறேன். 1965-ல் ஜிடி வந்தது. திறந்த காருக்குப் பினின்ஃபரினா நிறுவனம் சாய்ந்த கூரை போட்டுக் கொடுத்தது. எம்ஜியின் மேலாளர் ஜான் தார்ன்லிக்கு மிகவும் பிடித்த வண்டி. கூரையும் பாரம் தாங்குவதால் ஜிடியின் உடல் இன்னும் விறைப்பு; விலையோ திறந்த காரைவிடக் குறைவாகவே இருக்கும். மழை ஊரில் வருடம் முழுக்க ஓட்டுகிறவருக்கு ஜிடிதான் புத்திசாலித்தனமான தேர்வு.

1967 இறுதியில் மார்க் 2. முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் (உறுமல் இல்லாமல் கியர் விழச் செய்யும் ஏற்பாடு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பேட்டரியின் பாஸிட்டிவ் முனை உடலோடு இணைந்திருந்த பாஸிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த். அதற்கு முந்தைய வண்டியில் நவீன ரேடியோவை அப்படியே மாட்டினால் எரிந்துபோகும். எர்த்தை மாற்றுவதென்றால் பேட்டரி இணைப்பை மாற்றுவதோடு வேலை முடியாது: காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்ற வேண்டும், எலக்ட்ரானிக் டாக்கோமீட்டரை மாற்றியமைக்க வேண்டும், டைனமோவின் எஃப் முனையில் பேட்டரியின் பாஸிட்டிவ்வை ஒரு கணம் தொட்டு அதன் துருவத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1967 இறுதிமுதல் 1974 வரையிலான குரோம் பம்பர் வண்டிகள்தான் என் கணக்கில் எல்லா வகையிலும் சரியானவை.

1974 இலையுதிர்காலத்தில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் மோதினாலும் விளக்குகள் உடையக் கூடாது, பம்பர் இத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது. அபிங்டனிடம் புது உடல் செய்யப் பணம் இல்லை. வண்டியையே ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். கூடவே வளைவில் சாய்வைக் குறைக்கும் முன் ஆன்டி ரோல் பாரையும் எடுத்தார்கள். வளைவில் வண்டி படகு போலச் சாய்ந்தது. 1976-ல்தான் தவறைத் திருத்தி முன்னும் பின்னும் பார் போட்டார்கள். ஆகவே ரப்பர் பம்பர் வண்டி என்றால் 1977 மாடலும் அதற்குப் பிறகும் பாருங்கள். 1975 வண்டி கையில் இருந்தால் பிந்தைய பார்களை மாட்டுங்கள், குணமே மாறும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இரட்டை எஸ்யூவுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர், புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள். சக்தி மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

எம்ஜிபியின் உடலிலேயே பெரிய இன்ஜின் வைத்த எம்ஜிசி 1967 முதல் 1969 வரை. மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவான கனத்த ஆறு சிலிண்டர் இன்ஜினுக்காக முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருந்தது. மூக்கு கனத்தது, பத்திரிகைகள் குறை சொல்லின, 9,000 வண்டிகளோடு நின்றது. 1973-ல் வந்த ஜிடி வி8 நேர்மாறு. ரோவரின் 3528 சிசி அலுமினிய வி8, எடையில் பழைய இரும்பு நாலு சிலிண்டரோடு ஏறக்குறைய சமம், 137 குதிரைத்திறன். தனி ஆளாக கென் காஸ்டெல்லோ இதைச் செய்து விற்றுக் காட்டிய பிறகே நிறுவனம் இறங்கியது. அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. பெட்ரோல் விலை ஏறிய காலம் வேறு. 2,591 வண்டிகளோடு 1976-ல் நிறுத்தினார்கள். எம்ஜிபி வரலாற்றில் நழுவிய பெரிய வாய்ப்பு இதுவே என்பேன்.

பந்தயத்திலும் இந்த வண்டி வேகத்தைவிடத் தாங்குதிறனில்தான் பேர் வாங்கியது. 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மணலில் சிக்கி, ஓட்டுநர் ஆலன் ஹட்ச்சிசன் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தோண்டி வெளியே எடுத்த பிறகும், பேடி ஹாப்கர்க்கோடு சேர்ந்து 12-வது இடத்தில் முடித்தார்கள். 1966-ல் நூர்பர்க்ரிங்கில் 84 மணி நேரம் ஓடிய மாரத்தானில் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் எம்ஜிபியில் மொத்தப் போட்டியையே வென்றார்கள்.

1968-ல் லேலண்டும் பிஎம்சியின் குழுமமும் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனபோதே அபிங்டனுக்கு இறங்குமுகம். எண்ணூரில் அசோக் லேலண்ட் பேரில் இருக்கும் அதே லேலண்ட்தான். குழுமத்துக்குள் போட்டியான டிரையம்ஃப் கார்களுக்கு முதலீடு போனது, எம்ஜிபிக்குப் பெயிண்ட்டும் கிரில்லும் மட்டும் மாறின. 1979-ல் அபிங்டன் தன் 50-வது ஆண்டைக் கொண்டாடி முடித்த கையோடு மூடும் அறிவிப்பு வந்தது. பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக ஏறியதால் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம் என்றார்கள். ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு தொழிற்சாலையை வாங்க முயன்றும் கைகூடவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனவை.

ஆனால் அழுத்து அச்சுகள் பல அழியாமல் கிடந்தன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் அவற்றைத் தேடிச் சேர்த்து, 1988-ல் முழு எம்ஜிபி உடலைப் புதிதாக அழுத்தி வெல்டிங் செய்து விற்க ஆரம்பித்தது. உற்பத்தி நின்று எட்டு வருடம் கழித்து ஒரு காரின் உடல் புதிதாகக் கிடைத்தது. 1992-ல் ரோவர் வெளியிட்ட ஆர்வி8 என்ற வண்டிக்கும் அடிப்படை இந்த உடல்தான்; சுமார் 2,000 ஆர்வி8-களில் பெரும்பங்கு ஜப்பானுக்குப் போயிற்று.

இதை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள். சில் இரண்டும், தரையும், முன் மட்கார்டுகளும் மாற்ற வேண்டிய வண்டி என்றால், கூலியையும் பெயிண்ட்டையும் சேர்த்துப் பார்த்துப் புது உடலின் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள். புது உடல் என்றால் பழைய வண்டியின் ஒவ்வொரு நட்டும் ஒயரும் இடம் மாற வேண்டும். ஆகவே பழையதைக் கழற்றும்போதே ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் பேர் எழுதிப் போட்டு, ஒயரிங்கை வெட்டாமல் முழுதாக உருவி எடுங்கள். பெயிண்ட் அடிக்குமுன் கதவு, போனட், டிக்கி மூன்றையும் புது உடலில் மாட்டி இடைவெளி சரிசெய்துகொள்ளுங்கள். அச்சு பழையது என்பதால் புது உடலிலும் அவை தானாகச் சேராது.